சில்லைக் குற்றம் சொன்ன நூற்றாண்டு

ஓட்டக்காரர்களையும் கூடைப்பந்து, கைப்பந்து ஆடுபவர்களையும் பிடிக்கும் முட்டி வலி ஒன்று உண்டு. சமதரையில் நடக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. மாடிப்படி இறங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் குத்தும். பஸ்கி போட்டால் பிடிக்கும். பேருந்தில் இரண்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டி உடனே நீள மறுக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாமல் உள்ளங்கையால் சில்லையே மூடிக் காட்டுவார்கள். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் இராது. கனடாவின் வான்கூவரில் ஓட்டத்தால் காயம்பட்டு வந்த 2002 பேரின் பதிவுகளை அலசி, தற்செயலாக அதே 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில் முதலிடம் பிடித்தது இந்த வலிதான். இவ்வளவு பேரை வாட்டும் வலிக்கு எது காரணம் என்ற கேள்விக்கு மருத்துவம் சொன்ன பதில் நூறு ஆண்டுகளில் நாலைந்து முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. நோயாளியைப் படுக்க வைத்துப் பார்த்த காலத்தில் ஒரு காரணம் கிடைத்தது. உட்கார வைத்துப் பார்த்த காலத்தில் வேறொன்று கிடைத்தது. ஒற்றைக் காலில் நிற்க வைத்த பிறகுதான் இடுப்பு கண்ணில் பட்டது. பார்த்த நிலைக்கு ஏற்ற காரணமே ஒவ்வொரு முறையும் கிடைத்தது என்பது என் வாதம். இடுப்பைக் கண்டுகொண்ட பிறகும் அந்தப் பழக்கம் முழுசாக விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் படுக்க வைத்த காலம். 1906-இல் பூடிங்கர் என்ற அறுவை மருத்துவர் சில்லின் உட்புறக் குருத்தெலும்பில் வெடிப்புகள் இருப்பதை எழுதினார். 1928-இல் ஸ்வீடனின் அலேமன் அதைக் குருத்தெலும்பு மென்மையாதல் என்ற பொருள் தரும் 'காண்ட்ரோமலேசியா' என்ற பெயரில் விரிவாக விளக்கினார். 1961-இல் கனடாவின் அவுட்டர்பிரிட்ஜ் அந்த மென்மையாதலை நான்கு படிகளாகப் பிரித்தார். மூட்டைத் திறந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு மெத்தென்று ஆகிப்போன, நார் நாராகப் பிரிந்த குருத்தெலும்பு தெரிந்தது. வலிக்கு அதுவே காரணம் என்று கொள்வது இயல்புதான். ஆனால் வலியே இல்லாதவர்களின் முட்டியைத் திறந்தாலும் அதே மென்மை கிடைத்தது. கடுமையான வலியுள்ள இளம் விளையாட்டு வீரர்கள் சிலரிடம் குருத்தெலும்பு வழுவழுவென்றே இருந்தது. போதாததற்குக் குருத்தெலும்பில் வலி உணரும் நரம்பே கிடையாது. இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்காட் டை. மூட்டின் உள்ளே மரத்துப்போகும் மருந்து எதுவும் செலுத்தாமல், சக மருத்துவர் ஒருவரைச் சிறு துளை வழியே மூட்டுக்குள் நுழைக்கும் ஆர்த்ராஸ்கோப்பிக் கருவியால் தன் முட்டிக்குள் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, எங்கே எவ்வளவு வலித்தது என்பதை விழிப்போடு இருந்தபடியே பதிவு செய்தார். சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சில்லுக்குக் கீழேயுள்ள கொழுப்புத் திண்டையும் மூட்டின் உள்சவ்வையும் தொட்டதும் தாங்க முடியாமல் வலித்தது. 1998-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது, தொண்ணூறு ஆண்டுகளாகக் குற்றம் சுமத்தப்பட்ட குருத்தெலும்பின் மீதான வழக்கு ஆட்டம் கண்டது.

அதற்கு வெகு முன்பே இன்னொரு பதில் வேரூன்றியிருந்தது. அது நாற்காலியில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவின் ராணுவ மருத்துவமனை ஒன்றில், முட்டி அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குத் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் ஒரு பயிற்சி தந்தார். மேசை விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே முட்டியை நீட்டி மடக்க வேண்டும். 1945-இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். சூம்பிக் கிடந்த முன்தொடைத் தசை வியக்கத்தக்க வேகத்தில் தேறியது. அன்றிலிருந்து முட்டிக்கு வைத்தியம் என்றாலே முன்தொடைக்குப் பயிற்சி என்றானது. 1968-இல் கலிஃபோர்னியாவில் லீபும் ஜாக்குலின் பெர்ரியும், துண்டிக்கப்பட்ட கால்களில் முன்தொடைத் தசையின் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார்கள். உட்பக்கக் கீழ் இழை தானாக முட்டியை நீட்டவில்லை. சில்லு வெளிப்பக்கம் நழுவாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை என்று தெரிந்தது. அப்படியானால் அந்த ஓர் இழை தளர்ந்ததால்தான் சில்லு வெளியே இழுபடுகிறது, அதனால்தான் வலி என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிட்டார்கள். சிட்னியின் பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் 1986-இல் சில்லை உட்பக்கம் இழுத்து ஒட்டும் பிளாஸ்திரி முறையைச் சொன்னார். ஒட்டியவுடனே படியிறங்கும் வலி குறைந்த நோயாளிகள் நிறைய; அந்த முறை இன்றும் விளையாட்டு மைதானங்களில் இருப்பது சும்மா இல்லை. ஆனால் மற்ற இழைகளை விட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் தனியே வலுப்படுத்தும் பயிற்சி எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

சில்லு வெளியே இழுபடுகிறது என்ற அதே நம்பிக்கை கத்தியையும் எடுக்க வைத்தது. பிரான்சின் ஃபிக்கா 1970-களில் சில்லின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் மிகுவதை ஒரு தனி நோயாகவே வரையறுத்தார். அமெரிக்காவின் மெர்ச்சன்ட்டும் மெர்சரும் 1974-இல் சில்லின் வெளிப்பக்க நார்த்திசுவை வெட்டித் தளர்த்தும் அறுவையைப் பற்றி எழுதினார்கள். ஆர்த்ராஸ்கோப்பி பரவியபோது சிறு துளை வழியாகவே வெட்ட முடிந்ததால் அது மளமளவென்று பெருகியது. எளிதில் செய்ய முடிந்த காரணத்தாலேயே தேவையில்லாதவர்களுக்கும் செய்யப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. வெளிப்பக்கம் நழுவியதாகச் சொல்லப்பட்ட சில்லு, வெட்டிய பிறகு உட்பக்கம் நழுவத் தொடங்கிய முட்டிகளை ஜாக் ஹியூஸ்டனும் டீஸும் 1988-இல் ஆவணப்படுத்தினார்கள். 2007-இல் ஃபின்லாந்தில் நாள்பட்ட வலியுள்ள 56 பேரை வைத்து ஒரு பகுதியினருக்கு ஆர்த்ராஸ்கோப்பியும் பயிற்சியும், மற்றவர்களுக்குப் பயிற்சி மட்டும் தந்து பார்த்தார்கள். இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

இந்தக் காலம் முழுக்க இடுப்பைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. பிட்டத்தின் பக்கவாட்டுத் தசையைப் பற்றி 1867-இல் பிரான்சின் டுஷேன் எழுதிவிட்டார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்கள் ஏன் வாத்துபோல் ஆடி ஆடி நடக்கிறார்கள் என்பதற்கு ஜெர்மனியின் ட்ரெண்டலென்பர்க் 1895-இல் விடை தந்தார். ஒற்றைக் காலில் நிற்கும்போது, நிற்கும் பக்கத்துப் பிட்டத் தசைதான் எதிர்ப்பக்க இடுப்பு கீழே சரியாமல் தாங்குகிறது. அது தளர்ந்தால் இடுப்பு சரியும். இன்றும் மருத்துவ மாணவர்கள் முதல் ஆண்டுகளிலேயே படிக்கும் சோதனை இது. கையில் இருந்த இந்த அறிவு ஓட்டக்காரரின் முட்டிக்கு வந்து சேர ஏன் நூறு ஆண்டுகள் ஆயின? அளவுகோல் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தசையின் பலத்தைக் கையால் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடும் முறை, பாஸ்டனில் போலியோ பாதித்த குழந்தைகளுக்காக லவெட்டும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட்டும் 1910-களில் வகுத்தது. தசை துடிக்கிறதா, தானாகக் காலைத் தூக்குகிறதா, அழுத்தினால் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கு அது அருமையான முறை. ஆனால் வாரம் 60 கிலோமீட்டர் ஓடும் ஓர் இளம் பெண்ணின் காலை அழுத்தினால் மருத்துவரின் கைதான் தோற்கும். அவளுக்கு எப்போதும் முழு மதிப்பெண்தான். முழு மதிப்பெண்ணுக்குள்ளேயே கால்வாசி பலம் குறைந்திருக்கலாம் என்பது, விசையை எண்ணாகக் காட்டும் டைனமோமீட்டரைக் காலில் வைத்துப் பட்டையால் கட்டி அளந்தபோதுதான் வெளியே வந்தது.

இன்னொரு காரணம் பாதம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தானில் தங்கம் வென்ற பிறகு அமெரிக்கா ஓடத் தொடங்கியது. முட்டி வலியும் கூடவே ஓடி வந்தது. 1978-இல் ஓரிகனின் ஸ்டான் ஜேம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஓட்டக்காரர்களின் காயங்களைப் பற்றி எழுதிய கட்டுரை, தொடை உட்பக்கம் திரும்பி, சில்லுகள் ஒன்றையொன்று பார்த்து, பாதம் உட்பக்கம் சரிந்த கால்களைப் படம் பிடித்ததுபோல் வர்ணித்தது. தொடையில் தொடங்கிப் பாதம் வரை போகும் அந்த வர்ணனையிலிருந்து மருத்துவ உலகம் பாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, காலணிக்குள் வைக்கும் அட்டை செய்து விற்க முடியும் என்பதால் என நினைக்கிறேன். அதே கட்டுரை பெரும்பாலான காயங்களுக்குப் பயிற்சித் தவறே காரணம் என்றும், ஓடும் தூரத்தை அவசரப்பட்டு ஏற்றுவதே அதில் முக்கியம் என்றும் சொல்லியிருந்தது. அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் அது திரும்பி வரும்.

2003 நவம்பரில் வெளிவந்த ஓர் அமெரிக்க எலும்பியல், விளையாட்டு பிசியோதெரபி இதழில் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. கென்டக்கியைச் சேர்ந்த மேரி லாயிட் அயர்லாந்தும் உடன் ஆய்ந்தவர்களும் முட்டி வலியுள்ள 15 பெண்களையும் வலி இல்லாத 15 பெண்களையும் அளந்தார்கள். வலி உள்ளவர்களின் காலை விலக்கும் பலம் 26 சதவீதமும், தொடையை வெளிப்பக்கம் திருப்பும் பலம் 36 சதவீதமும் குறைவு. அதே இதழில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பவர்ஸ் குழு, சில்லு நழுவும் பெண்களை எம்.ஆர்.ஐ. கருவியில் இரண்டு விதமாகப் பார்த்தது. காலில் எடை இல்லாமல் முட்டியை நீட்டியபோது தொடை அசையாமல் இருக்க, சில்லு வெளியே போனது. எடை தாங்கி நின்றபோது சில்லு ஏறக்குறைய அங்கேயே இருக்க, அதன் அடியில் தொடை எலும்பு உட்பக்கம் திரும்பியது. கிணற்றுச் சகடையிலிருந்து கயிறு நழுவுவதைப் பார்த்து இத்தனை நாளும் கயிற்றையே திருத்திக்கொண்டிருந்தார்கள். சகடையைத் தாங்கும் கட்டையே கோணலாகத் திரும்புவதை அப்போதுதான் கண்டார்கள். ஓர் ஆட்டக்காரியை எட்டு அங்குலப் படியில் நிறுத்தி, ஒரு காலை மெல்லக் கீழே இறக்கித் தரையைக் குதிகாலால் தொட்டுவிட்டு ஏறச் சொன்னால் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். படியில் ஊன்றிய காலின் முட்டி வளையத் தொடங்கியதும் எதிர்ப்பக்க இடுப்பு கொஞ்சம் சரியும். தொடை உட்பக்கம் சுருளும். சில்லு பாதத்தின் பெருவிரலையும் தாண்டி உள்ளே போய் நிற்கும். உடம்பு சமாளிக்க ஒரு பக்கம் சாயும். ட்ரெண்டலென்பர்க் பார்த்ததும் இதே சரிவுதான், இங்கே நூலளவில்.

இந்தப் பார்வை பெண்களுக்கு ஒரு நியாயத்தையும் செய்தது. பெண்களுக்கு இந்த வலி கூடுதலாக வருவதற்கு அகன்ற இடுப்பெலும்பும் அதனால் முட்டியில் உண்டாகும் கோணமும்தான் காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. எலும்பின் அகலம் விதி. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. தசை தளர்ந்திருக்கிறது என்றால் பயிற்சி உண்டு. பயிற்சி பலனும் தந்தது. ஈரானின் இஸ்ஃபஹானில் கயம்பாஷியும் பவர்ஸும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 28 பெண்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் இடுப்புத் தசைக்கு மட்டுமே பயிற்சி. முட்டியை அவர்கள் தொடவே இல்லை. ஆனாலும் முட்டி வலி தணிந்தது. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பலன் நீடித்தது.

இங்கே நிறுத்திவிட்டால் கதை நேராக முடிந்துவிடும். ஆனால் இடுப்புக் கொள்கைக்கு வந்த ஆட்சேபங்கள் வலுவானவை. முதலாவது: தளர்ச்சியால் வலி வந்ததா, வலியால் தளர்ச்சி வந்ததா? வலி வந்த பிறகு அளந்தால் இதைப் பிரித்தறிய முடியாது. வலி வருவதற்கு முன்பே அளந்து, பிறகு காத்திருந்து பார்க்க வேண்டும். பெல்ஜியத்தில் அப்படிக் காத்திருந்து பார்த்தார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய 77 பெண்களில் 16 பேருக்கு வலி வந்தது. தொடக்கத்தில் அளந்த இடுப்புப் பலத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. 2014-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களும், இடுப்புப் பலம் குறைந்தவருக்கு வலி வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். மறு ஆண்டு, இளம் கூடைப்பந்து வீராங்கனைகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், பின்னால் வலி வந்தவர்களுக்கே தொடக்கத்தில் இடுப்புப் பலம் கூடுதலாக இருந்தது. இவற்றை ஒதுக்கித் தள்ள முடியாது; தள்ளவும் கூடாது. தளர்ச்சியில் பெரும்பகுதி வலியின் விளைவு என்றே நானும் ஏற்கிறேன். முட்டி வலிக்கும்போது மனிதர் அந்தக் காலை விட்டுக்கொடுத்து நடக்கிறார், ஓட்டத்தைக் குறைக்கிறார், மாதக்கணக்கில் தசை சும்மா கிடக்கிறது. ஆனால் விளைவாக வந்த தளர்ச்சிக்கு வைத்தியம் வேண்டாம் என்பது சரியான தர்க்கம் ஆகாது. கட்டுப் போட்டதால் சூம்பிய கைக்கும் நாம் பயிற்சி கொடுக்கிறோம். எலும்பு முறிவுக்கு அந்தச் சூம்பல் காரணம் இல்லை என்று யாரும் விட்டுவிடுவதில்லை. மேலும் 400 பெண் ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், பின்னால் வலி வந்த 15 பேர் அதற்கு முன்பே சராசரியாகத் தொடையைக் கூடுதலாக உட்பக்கம் சரித்து ஓடியவர்கள். பலத்தை அளந்தால் முன்கூட்டித் தெரியாதது, ஓடும் விதத்தைப் பார்த்தால் தெரிந்தது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. இடுப்பை வலுப்படுத்தினால் கால் நேராகும், கால் நேரானால் வலி போகும் என்பதுதான் கொள்கை. 2011-இல் கால்கரியில் ஃபெர்பர் குழு மூன்று வாரம் இடுப்புப் பயிற்சி கொடுத்து அளந்தது. பலம் ஏறியது, வலி இறங்கியது, ஆனால் ஓடும்போது முட்டி உட்பக்கம் சரியும் கோணம் துளியும் மாறவில்லை. அதே ஆண்டு வில்லியும் ஐரீன் டேவிஸும், இடுப்பை வலுப்படுத்தி ஒற்றைக்கால் பஸ்கியையும் திருத்திய பெண்களின் ஓட்டத்தைப் பார்த்தார்கள். பஸ்கி திருந்தியது, ஓட்டம் பழையபடியே இருந்தது. ஆண்களிடம் பார்த்தபோது இன்னொரு முடிச்சு. வலியுள்ள ஆண் ஓட்டக்காரர்களின் முட்டி உள்ளே சரியவில்லை, மாறாக வெளிப்பக்கம் வளைந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு நேர்கோடு இருக்கிறது, அதிலிருந்து விலகுவதே நோய் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. பூடிங்கருக்குக் குருத்தெலும்பில் வெடிப்பு தெரிந்ததைப் போலவே நம் காலத்துக்குக் கோணம் தெரிகிறது; கண்ணுக்குத் தெரிந்ததைக் காரணமாக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இடுப்புப் பயிற்சி பலன் தருவது உண்மை. அது காலை நேராக்குவதால் பலன் தருகிறது என்ற விளக்கத்துக்குத்தான் ஆதாரம் போதவில்லை. ஓட்டத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டியவர்களுக்கு ஓடும்போதே திருத்தும் பயிற்சி வேண்டும். ஓடுபொறியில் ஓடிக்கொண்டே தன் இடுப்பின் கோணத்தைத் திரையில் பார்த்துச் சரிசெய்தவர்களுக்கு அது மாறியது, வலியும் வெகுவாகக் குறைந்தது.

மூன்றாவது ஆட்சேபம், இடுப்பே வேண்டுமா என்பது. நார்வேயில் 112 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு தரப்புக்கு இடுப்புப் பயிற்சி, ஒரு தரப்புக்கு முட்டிப் பயிற்சி, மூன்றாம் தரப்புக்கு விருப்பம்போல் உடலுழைப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று தரப்பினரும் ஒன்றுபோலத் தேறினார்கள். கியூபெக்கில் 69 ஓட்டக்காரர்களில் ஒரு தரப்புக்கு, வலியைப் பார்த்துத் தூரத்தையும் வேகத்தையும் எப்படிக் குறைப்பது, எப்படி மீண்டும் ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்ததோடு சரி. பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களுக்குச் சமமாக அவர்களும் தேறினார்கள். 1978-இல் ஸ்டான் ஜேம்ஸ் எழுதிவிட்டுப் போன வரி இப்படித்தான் நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. சுமையை முறைப்படுத்தாமல் வெறும் இடுப்புப் பயிற்சி மட்டும் கொடுப்பவர் பாதி வைத்தியம்தான் செய்கிறார். அதை ஒப்புக்கொண்ட பிறகும், இடுப்புப் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது என்றே சொல்வேன். அதற்கான ஆதாரம் கால அட்டவணையில் இருக்கிறது. கென்டக்கியில் 33 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் முதல் நான்கு வாரம் இடுப்புப் பயிற்சி செய்தவர்களுக்கு, முன்தொடைப் பயிற்சி செய்தவர்களைவிட வலி குறைந்திருந்தது. எட்டு வாரத்தில் இரு தரப்பும் சமமானார்கள். 2015-இல் 199 பேரைப் பார்த்த பெரிய ஆய்விலும் முடிவில் இரண்டும் சமம், ஆனால் இடுப்புத் தரப்புக்கு ஒரு வாரம் முன்னதாகவே வலி தணிந்தது. இடுப்பையும் முட்டியையும் சேர்த்தே பயிற்றுவிக்கச் சொல்லும் இன்றைய மருத்துவ வழிகாட்டிகள், தொடக்க வாரங்களில் இடுப்புப் பக்கம் சாய்வது இதனால்தான்.

ஏன் முன்னதாக என்பதற்குக் கோணத்தைத் தேட வேண்டியதில்லை. டிலோர்மின் நாற்காலியில் எடையோடு முட்டியை நீட்டும்போது சில்லு தொடை எலும்பின் மீது அழுந்துகிறது. வலிக்கும் இடத்தையே அது மீண்டும் சீண்டுகிறது. இடுப்புப் பயிற்சியில் ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை முட்டி மடங்காமல் நீட்டி, குதிகால் கொஞ்சம் பின்னால் போகும்படி ஓர் அடி உயரம் தூக்கி, மூன்று எண்ணும் வரை வைத்து, மெல்ல இறக்க வேண்டும். பத்தாவது முறை தூக்கும்போது பிட்டத்தின் பக்கவாட்டில் எரியத் தொடங்கும். கையை வைத்தால் தசை கல்போல் இறுகியிருப்பது தெரியும். அவ்வளவு உழைப்பு நடக்கும்போதும் சில்லுக்குப் பின்னால் ஏறக்குறைய எந்த அழுத்தமும் இல்லை. படியிறங்கவே பயந்துபோன காலுக்கு, வலிக்காமல் உழைக்கக் கிடைத்த முதல் வேலை அது.